கவுண்டரில் அவர் சொன்ன வசனம்

1

தினமும் காலை ஐந்தே முக்காலுக்கு என் கைபேசியில் ஒரு கழுகு வந்து இறங்கும். பின்னால் சூரியன், கீழே மலை, நடுவில் மஞ்சள் எழுத்தில் ஏசாயா நாற்பது முப்பத்தொன்று. "கர்த்தருக்குக் காத்திருக்கிறவர்களோ புதுப்பெலன் அடைந்து" என்று தொடங்கி, "அவர்கள் ஓடினாலும் இளைப்படையார்கள், நடந்தாலும் சோர்வடையார்கள்" என்று முடியும். அனுப்புகிறவர் எங்கள் சபையின் கிரேஸ் அக்கா. அந்த நேரத்தில் நான் என் கணவருக்குப் பேம்பர்ஸ் மாற்றிக்கொண்டிருப்பேன். அவருக்குப் பக்கவாதம் வந்து ஏழு மாதம் ஆகிறது. ஓடுவது, நடப்பது என்ற பேச்சே எங்கள் வீட்டில் இப்போது கிடையாது.

எனக்கு வசனத்தின்மேல் கோபமில்லை. அனுப்புகிறவர்கள்மேல்தான். கட்டைவிரலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, ஒரு கடமை முடிந்தது என்று தேநீர் குடிக்கப் போய்விடுகிறார்கள். இதே வசனம்தான் இந்த வருடம் எங்கள் வீட்டுக்கு வாக்குத்தத்தமாகவும் கிடைத்தது. நம் ஊரில் செய்வதுபோலத்தான் இங்கேயும். புத்தாண்டு ஆராதனை முடிந்ததும் ஒரு தட்டில் வசன அட்டைகளைக் கவிழ்த்து வைப்பார்கள். வீட்டுக்கு ஒருவர் போய் ஒன்றை எடுத்துவர வேண்டும். எங்கள் வீட்டுக்கு என் கணவர் போனார். கழுகு அட்டையோடு சிரித்துக்கொண்டே வந்தார். மார்ச் மாதம் விழுந்தார். ஏப்ரல் மாதம் நான் அந்த அட்டையை நாலாகக் கிழித்துக் குப்பையில் போட்டேன். பாவம் என்றால் பாவம்தான். போட்டது போட்டதுதான்.

இந்த அக்டோபரோடு நான் இந்த மலாய் நாட்டுப் பேராக் மாநிலத்துக்கு வந்து இருபது வருடம் முடிகிறது. சாயர்புரம் பக்கத்திலிருந்து இருபத்தேழு வயதில் கல்யாணம் ஆகி வந்தவள். வெளிநாட்டில் இருக்கிறாள், சுகமாக இருப்பாள் என்று அங்கே ஊரில் நீங்கள் நினைத்துக்கொள்கிறீர்கள். விடுமுறைக்கு வரும்போது வாங்கிவரும் மைலோவையும் வலி எண்ணெயையும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

2

என் கணவர் பெயர் சாலமோன். சுங்கை சிப்புட் ஊருக்கு வெளியே ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். அந்தத் தோட்டம் இப்போது இல்லை. பால்மரங்களை வெட்டிச் செம்பனை நட்டார்கள், பிறகு தொழிலாளர் குடியிருந்த லயங்களை இடித்தார்கள். மாமியார் குடும்பத்துக்குக் கிடைத்த சின்ன வரிசை வீட்டில்தான் நாங்கள் இருக்கிறோம். மாமனார், மாமியார் இருவரும் இப்போது இல்லை. என் கணவர் இருபத்தைந்து வருடம் லாரி ஓட்டினார். நான் காலையில் இடியாப்பம் பிழிந்து ஒரு பாய் கடைக்குக் கொடுக்கிறேன். இங்கே அதற்குப் புட்டுமாயம் என்று பெயர்.

அந்தத் தோட்டத்தில் தகரக் கூரை போட்ட ஒரு சிறிய சபை இருந்ததாம். அங்கே ஞாயிறு பள்ளி நடத்தியவர் தோட்டத்து அலுவலகத்தில் கணக்கெழுதும் கிராணி. அவர் வைத்த சட்டம் ஒன்றுதான். புது வசனம் ஒப்பித்தால் பிஸ்கட், ஒப்பிக்காவிட்டால் கிடையாது. வீட்டில் ஏழு பிள்ளைகள் இருந்த காலம். பிஸ்கட்டுக்காக என் கணவர் சங்கீதங்களையும் சுவிசேஷங்களையும் நிருபங்களையும் அதிகாரம் அதிகாரமாக விழுங்கினார். பத்து வயதில் அவருக்கு அர்த்தம் தெரியாது, அதிகாரம் தெரியும். கிராணி கை தட்டினால் இவர் ஆரம்பிக்க வேண்டும். நிறுத்தச் சொல்லும்வரை நிறுத்தக்கூடாது.

அதை அவர் பிற்காலத்தில் என்மேல் பயன்படுத்தினார். சண்டை வந்தால் எபேசியர் ஐந்தாம் அதிகாரத்தை எடுப்பார். "மனைவிகளே, கர்த்தருக்குக் கீழ்ப்படிகிறதுபோல" என்று அவர் இருபத்திரண்டாம் வசனத்தில் ஆரம்பித்தால், நான் "அப்படியே இருபத்தஞ்சுக்கு வாங்க, புருஷர்களே, உங்கள் மனைவிகளில் அன்புகூருங்கள்னு போட்டிருக்கு" என்பேன். "அது கிராணி சொல்லித் தரல" என்பார். பொய். முழு அதிகாரமும் அவருக்குத் தெரியும்.

நல்ல மனிதர். குடி கிடையாது. ஆனால் வாயைத் திறந்து எனக்கு ஒரு நல்ல வார்த்தை சொன்னவர் இல்லை. சாப்பாடு நன்றாக இருந்தால் இன்னொரு தட்டுச் சாப்பிடுவார், அவ்வளவுதான். என் அப்பா ஊரில் இறந்தபோது என் பாஸ்போர்ட், இங்கே தங்கும் அனுமதியான பாஸைப் புதுப்பிக்கக் கொடுத்த அலுவலகத்தில் இருந்தது. என்னால் போக முடியவில்லை. அடக்க ஆராதனையை என் தம்பி கைபேசியைத் தூக்கிப் பிடித்துக் கேட்கவைத்தான். மணிச் சத்தமும் காற்றுச் சத்தமும்தான் கேட்டது. அன்றைக்கு இவர் லாரிக்குப் போகாமல் வீட்டில் இருந்தார். என் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். ஒன்றும் சொல்லவில்லை. ஒரு வசனம்கூடச் சொல்லவில்லை. அப்போது அது எனக்கு எரிச்சலாக இருந்தது.

3

மார்ச் மாதம் ஒரு மத்தியானம் லாரி பட்டறையில் டயரைச் சரிபார்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்துவிட்டார். ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் பதினெட்டு நாள். வலது கை, வலது கால் போனது. பேச்சும் போனது. ஒரே ஒரு வார்த்தைதான் மிச்சம் இருந்தது. அதுவும் தமிழில் இல்லை. மலாயில். "தா போலே." முடியாது என்று அர்த்தம். இருபத்தைந்து வருடம் முதலாளி போன் செய்து கூடுதல் நடை ஓட்டச் சொல்லும்போதெல்லாம் இவர் சொன்ன பதில் அது. மூளையில் எல்லாம் அழிந்து அது மட்டும் தங்கியிருக்கிறது.

தண்ணீர் வேண்டுமா? தா போலே. வேண்டாமா? தா போலே. மகள் பேர் என்ன? தா போலே. வலிக்கிறதா என்று டாக்டர் கேட்டாலும் அதுதான். தலையாட்டலையும் நம்ப முடியாது. ஆமாம் என்று ஆட்ட நினைத்து இல்லை என்று ஆட்டுவார். பிறகு தன்மேலேயே கோபம் வந்து இடது கையால் கட்டிலைக் குத்துவார்.

இங்கேதான் என் பாஸ் விஷயம் வருகிறது. நான் இந்த நாட்டுக் குடிமகள் இல்லை. நிரந்தரமாகத் தங்குவதற்கு எழுதிப் போட்டதும் இன்னும் கைக்கு வரவில்லை. இங்கத்திய குடிமகனின் மனைவி என்ற பாஸில்தான் இருபது வருடமாக இருக்கிறேன். அதைப் புதுப்பிக்கும்போது கணவன் கூடவே வரவேண்டும். வந்து, இவள் என் மனைவி, இவள் இங்கே இருக்க நான் பொறுப்பு என்று அதிகாரி முன்னால் சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும். அக்டோபர் மாதம் தவணை முடிகிறது. கணவனுக்கு வலது கை இல்லை, வாயில் முடியாது என்ற ஒரு வார்த்தைதான் இருக்கிறது.

பாஸ் போனால் நான் போக வேண்டும். நான் போனால் இவரை யார் கழுவுவது? கிரேஸ் அக்காவின் கழுகா?

இதை அவரிடமே கேட்டுவிட்டேன், கோபத்தில். கிரேஸ் அக்கா எழுபது வயதுக்காரர், ஓய்வுபெற்ற நர்ஸ். சக்கர நாற்காலியோடு வந்திருந்தார். சபையிலிருந்து இரவல் வாங்கி, ஒரு வேனில் ஏற்றித் தானே தள்ளிக்கொண்டு வந்தவர். வந்தவர் சும்மா இருந்திருக்கலாம்.

"இன்னிக்கு வசனம் பார்த்தியா ஜெயமணி?"

"பார்த்தேன்க்கா. நாளையிலேர்ந்து அனுப்பாதீங்க."

"ஏன் லா?" இங்கே எந்தப் பேச்சுக்கும் கடைசியில் ஒரு லா ஒட்டிக்கொள்ளும்.

"நடந்தாலும் சோர்வடையார்கள்னு போட்டு நடக்க முடியாதவர் வீட்டுக்கு அனுப்புறீங்களே, ஒரு தடவையாவது வாசிச்சுப் பார்த்துத்தான் அனுப்புறீங்களா?"

அவர் முகம் சுருங்கிவிட்டது. சக்கர நாற்காலியின் பிரேக் எப்படிப் போடுவது என்று காட்டிக் கொடுத்தார். என் கணவரைப் புரட்டிப் படுக்கவைக்க ஒரு கை கொடுத்தார். படுக்கைப் புண் வராமல் இருக்கத் தலையணையை எங்கே வைக்க வேண்டும் என்று சொன்னார். வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே, "நான் பழகிட்டேன்மா. நூத்தி இருபது பேருக்கு ஒரே பட்டன்" என்றார்.

மறுநாள் காலை ஐந்தே முக்காலுக்குக் கழுகு வந்தது. பட்டன் பட்டன்தான்.

4

ஜூலை மாதம். குளியலறையில் நடந்தது.

சுவரில் ஒரு கம்பி அடித்துவைத்திருந்தேன். அவர் இடது கையால் அதைப் பிடித்து நிற்க வேண்டும், நான் பின்னால் தாங்கிக்கொண்டு தண்ணீர் ஊற்ற வேண்டும். அன்றைக்குச் சோப்புத் தண்ணீரில் அவர் கால் வழுக்கியது. முழுப் பாரமும் என்மேல் வந்தது. என் இடுப்பு சுவரில் இடித்தது. வலியில் எனக்கு வந்த கோபம் அவர்மேல் இல்லை, மேலே இருக்கிறவர்மேல். "உன் காலைத் தள்ளாடவொட்டாராம்! எங்கே? இதோ தள்ளாட விட்டுட்டாரே?" என்று கத்தினேன். சங்கீதம் நூற்று இருபத்தொன்று. நம் ஊரில் பயணம் புறப்படும்போது வாசிப்போமே, அது.

அவர் என் தோளில் தலையைச் சாய்த்தபடி, தெளிவாக, கணீரென்று சொன்னார்:

"உன்னைக் காக்கிறவர் உறங்கார்."

நாலு மாதத்துக்குப் பிறகு அவர் வாயில் தமிழ். "என்ன சொன்னீங்க? இன்னொரு தடவை சொல்லுங்க" என்றேன்.

"தா போலே."

"உன் காலைத் தள்ளாடவொட்டார்" என்று மறுபடி எடுத்துக் கொடுத்தேன். "உன்னைக் காக்கிறவர் உறங்கார்" என்று ஆரம்பித்து, கடைசி வசனம்வரை நிற்காமல் சொன்னார். பத்து வயதுப் பையன் பிஸ்கட்டுக்கு ஒப்பிக்கிற வேகம். நான் அவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

அற்புதம் என்று சபையில் எழுந்து நின்று சொன்னார்கள். ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் சீனப் பெண், அப்படியெல்லாம் இல்லை என்றாள். பேச்சுப் போனவர்களுக்குப் பாட்டு வரும், எண்கள் வரும், சின்ன வயதில் மனப்பாடம் செய்தது வரும், நாமாக யோசித்துப் பேசுவது ஓர் இடம், மனப்பாடம் வேறிடம் என்று மலாயில் விளக்கினாள். "அர்த்தம் தெரிந்து சொல்கிறாரா?" என்று கேட்டேன். "சொல்ல முடியாது" என்றாள். இரண்டு பக்கமும் எனக்குத் திருப்தியில்லை. அற்புதம் என்றால் தண்ணீர் என்று ஒரு வார்த்தை வரக்கூடாதா? சங்கீதத்தில் உள்ள பர்வதம் வருகிறது, ஒத்தாசை வருகிறது, தண்ணீர் வரவில்லை.

ஆனால் அன்றைக்குப் பிறகு எங்கள் வீட்டு வேலை மாறிவிட்டது. நம்புகிறவர்கள் நம்புங்கள். குளியலுக்குச் சங்கீதம் நூற்று இருபத்தொன்று. அது எட்டே வசனம்தான், தலைக்கு ஊற்றித் துடைப்பதற்குள் மூன்று தடவை சொல்லிவிடலாம். காலை நீட்டி மடக்கும் பயிற்சிக்கு முதலாம் கொரிந்தியர் பதின்மூன்று. "அன்பு நீடிய சாந்தமும்" என்று நான் எடுத்துக் கொடுத்தால் அவர் பிடித்துக்கொள்வார். ஒரு வசனத்துக்கு ஒரு தடவை கால் தூக்க வேண்டும். அன்பைப் பற்றி வாசிக்கிற வீட்டில் நான் "தூக்குங்க, இன்னும் மேலே, ஏமாத்தாதீங்க" என்று அதட்டிக்கொண்டிருப்பேன். வேதாகமத்தை இதற்கு முன்னால் ஆறுதலுக்காகத் தேடித் தேடி வாசித்தேன், ஒன்றும் கிடைக்கவில்லை. இப்போது அதை மணி பார்க்கப் பயன்படுத்துகிறேன், ஆறுதல் வருகிறது. அர்த்தத்தால் வந்த ஆறுதல் இல்லை. வீட்டில் இன்னொரு மனிதச் சத்தம் இருக்கிறது, அது என் கணவரின் சத்தம். எனக்கு அது போதும்.

பாஸுக்குத்தான் அது போதாது.

5

எங்களுக்கு ஒரே மகள், ஷெரின். பத்தொன்பது வயது. ஈப்போவில் ஒரு கைபேசிக் கடையில் வேலை, தோழிகளோடு அறை எடுத்துத் தங்கியிருக்கிறாள். முடிக்குச் செம்பு நிறம் அடித்திருக்கிறாள். சபைக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. மலாய் அவள் வாயில் தண்ணீர்போல ஓடும். எனக்கு இருபது வருடமாகியும் கடைத்தெரு மலாய்தான். பாஸ் புதுப்பிக்கும் அலுவலகத்துக்கு அவள் வந்தால்தான் ஆகும் என்று போன் செய்தேன்.

"நான் லீவு போடணும்மா. கண்டிப்பா வரணுமா?"

"உங்கப்பா பொண்டாட்டி இந்த நாட்டுல இருக்கணுமா வேணாமான்னு கேக்கப் போறாங்க. வந்து சொல்லு."

"அவரே என்ன சொல்வாரோ" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "கோவிச்சுக்காதீங்க. எனக்குத் தெரிஞ்சு நீங்க ரெண்டு பேரும் சண்டை போட்டுத்தான் பார்த்திருக்கேன். அதுவும் பைபிள் வச்சு. லவ்வாப் பேசி ஒரு நாள்கூடப் பார்த்ததில்ல" என்றாள்.

நான் போனை வைத்துவிட்டேன். அவள் சொன்னது பொய்யில்லை, அதனால்தான்.

ஆனாலும் வந்தாள். காலை ஏழு மணிக்கே அலுவலக வாசலில் நின்றிருந்தாள். ஒரு வேன் பிடித்து, சக்கர நாற்காலியை மடக்கி ஏற்றி, நாங்கள் ஈப்போ போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறிவிட்டது. எண் எடுத்து, காத்திருந்து, படிவத்தில் ஒரு இடம் விட்டுப்போனதால் திரும்பி வந்து, மறுபடி எண் எடுத்து, பதினொன்றரைக்குக் கவுண்டர் முன்னால் போய் நின்றோம். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு மலாய்ப் பெண் அதிகாரி, நாற்பது வயதிருக்கும். டாக்டர் கடிதத்தைப் பொறுமையாக இரண்டு தடவை வாசித்தார். பிறகு என் கணவரைப் பார்த்து மலாயில் கேட்டார்.

"இவங்க உங்க மனைவியா?"

"தா போலே."

"இவங்க இங்கே தங்குறதுக்கு நீங்க பொறுப்பு எடுத்துக்கிறீங்களா?"

"தா போலே."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். ஷெரின் குனிந்து, "அக்கா, அவருக்கு அந்த ஒரு வார்த்தைதான் வரும். எது கேட்டாலும் அதுதான். உங்க பேரு என்னான்னு கேளுங்க, அதுக்கும் அதான் சொல்வாரு" என்றாள்.

அதிகாரி கோபப்படவில்லை. அதைச் சொல்லியாக வேண்டும். அவர் சொன்னதும் நியாயம்தான். "இவருக்குப் புரியுதுன்னு எனக்குத் தெரியணும். ஒண்ணும் புரியாதவரைக் கூட்டிட்டு வந்து கைநாட்டு வாங்கிட்டுப் போறவங்களும் இருக்காங்க. மனைவின்னு அவர் ஒப்புக்கிற மாதிரி ஏதாவது ஒண்ணு வேணும். இல்லாட்டி மேலதிகாரிகிட்ட அனுப்பணும், நாளாகும்."

நாளுக்கு எங்கே போவது? என் பாஸுக்கு நாலு நாள்தான் மிச்சம்.

நான் குனிந்து, "தலையாட்டுங்க, ஆமான்னு ஆட்டுங்க" என்றேன். அவர் பக்கவாட்டில் ஆட்டினார். "அப்படி இல்ல, மேலே கீழே" என்றேன். அவருக்குப் பதற்றம் ஏறிவிட்டது. நாற்காலிக் கையை இடது கையால் குத்த ஆரம்பித்தார். "தா போலே! தா போலே!" என்று சத்தம் பெரிதாகியது. காவலாளி எங்களைப் பார்த்து நடந்து வந்தார். வீட்டில் செய்வதுபோல அவரை அடக்க, "எனக்கு ஒத்தாசை வரும்" என்று குளியல் சங்கீதத்தைக் காதில் எடுத்துக் கொடுத்தேன். பிடிக்கவில்லை. கொரிந்தியரும் பிடிக்கவில்லை.

ஷெரின் அவர் முன்னால் மண்டியிட்டாள். "ஏன்ப்பா இப்படி? பசியாயிருக்கா? பசியா?"

அவர் நிறுத்தினார். மகளைப் பார்த்தார். நிமிர்ந்து உட்கார்ந்தார். கிராணி கை தட்டியதுபோல ஆரம்பித்தார்:

"பசியாயிருந்தேன், எனக்குப் போஜனங்கொடுத்தீர்கள், தாகமாயிருந்தேன், என் தாகத்தைத் தீர்த்தீர்கள், அந்நியனாயிருந்தேன், என்னைச் சேர்த்துக்கொண்டீர்கள்."

மத்தேயு இருபத்தைந்து. இந்த நாட்டில் முஸ்லிம்களான மலாய்க்காரர்களிடம் நம் வேதத்தைக் கொண்டுபோய்ப் பேசுவது பெரிய பிரச்சினையாகிவிடும். சபையில் எப்போதும் எச்சரிப்பார்கள். இவர் அரசாங்க அலுவலகத்தில், அதிகாரி முன்னால், ஊர் கேட்க ஒப்பித்துக்கொண்டிருக்கிறார்.

"என்ன சொல்றார்?" என்று அதிகாரி கேட்டார்.

ஷெரினுக்கு அது வசனம் என்று தெரியாது. வசனப் பேச்சு பிடிக்காதவள் என்று, வீட்டில் அவர் ஒப்பிப்பதை நான் அவளிடம் சொல்லியிருக்கவில்லை. சபைக்கு வந்த காலத்திலும் அவள் ஆங்கில ஆராதனைக்குத்தான் போனாள். அப்பா ஏழு மாதம் கழித்துப் பேசுகிறார், அவ்வளவுதான் அவளுக்கு. நிமிர்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, மலாயில் சொன்னாள்:

"எனக்குப் பசிச்சுது, நீ சோறு போட்டேன்னு சொல்றாரு. தாகமா இருந்துது, நீதான் தண்ணி கொடுத்தே. நான் வெளியாளா இருந்தேன், நீ என்னைச் சேத்துக்கிட்டே. அம்மாகிட்ட சொல்றாரு."

அதிகாரி என் பாஸ்போர்ட்டைப் பார்த்தார். "வெளிநாட்டுக்காரங்க இவங்கதானே? அவர் ஏன் தன்னை வெளியாள்னு சொல்றார்?"

"தெரியல அக்கா. அப்படித்தான் சொல்றாரு."

அவர் நிறுத்தவில்லை. "வஸ்திரமில்லாதிருந்தேன், எனக்கு வஸ்திரங்கொடுத்தீர்கள்."

"வஸ்திரம்னா என்னா மா?"

"துணி" என்றேன்.

"துணி இல்லாம இருந்தேன், போட்டுவிட்டேன்னு சொல்றாரு."

"வியாதியாயிருந்தேன், என்னை விசாரிக்கவந்தீர்கள்."

இதற்கு ஷெரின் என்னைக் கேட்கவில்லை. "சீக்கா இருந்தேன், நீ பார்த்துக்கிட்டே" என்று சொன்னாள், சொல்லும்போது என்னைப் பார்த்தாள்.

அடுத்தது என்ன என்று எனக்குத் தெரியும். "காவலிலிருந்தேன்." இதை அவள் லாக்கப்பில் இருந்தேன் என்று மொழிபெயர்த்தால் எங்கள் கதை முடிந்தது. ஜெயிலுக்குப் போனவர் எனக்குப் பொறுப்பெடுத்துக்கொள்வதா? கைப்பையைத் துழாவினேன். அவருக்கென்று எடுத்துவந்த மேரி பிஸ்கட் இருந்தது. அவர் "காவ" என்று வாயைத் திறந்தபோது முழு பிஸ்கட்டையும் உள்ளே வைத்துவிட்டேன். அவர் ஆச்சரியமாக என்னைப் பார்த்து, மென்றார்.

அதிகாரி கோப்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். நான் உட்காரவில்லை. ஜெபம் செய்தேனா என்றால் இல்லை. பிஸ்கட் தொண்டையில் அடைத்துக்கொள்ளுமோ என்ற பயத்தில் அவர் முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தவர், "இடது பெருவிரல் போதும்" என்றார். ஷெரின் அப்பாவின் கையைப் பிடித்து மையில் ஒற்றி வைத்தாள்.

"ஒரு வருஷம். அடுத்த தடவையும் அவரைக் கூட்டிட்டு வாங்க" என்றார் அதிகாரி.

கூட்டிவருவதற்கு அவர் இருக்க வேண்டும். அதை அதிகாரியிடம் சொல்லவில்லை.

6

பக்கத்துத் தெருவில் ஒரு கடையில் சாப்பிட உட்கார்ந்தோம். ஷெரின்தான் ரொட்டி சானாயைச் சின்னச் சின்னதாகப் பிய்த்துக் குழம்பில் ஊறவைத்து அவருக்கு ஊட்டினாள். நான் மாத்திரை உறைகளைப் பிரித்துக்கொண்டிருந்தேன். என் இடுப்பு விண்விண்ணென்று வலித்தது. பாஸ் கையில் இருக்கிறது, சந்தோஷப்பட வேண்டும். எனக்குத் தூக்கம்தான் வந்தது.

"அம்மா."

"என்ன?"

"அப்பா ஏன் செய்தி வாசிக்கிற மாதிரி பேசினாரு? சீன் போடற தமிழ்ல?"

"வியாதி அப்படி. ஆஸ்பத்திரியில் கேளு, சொல்வாங்க." அதில் பாதி உண்மை.

அவள் அவர் வாயைத் துடைத்தாள். தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "பத்தொம்பது வருஷம் உங்ககூடவே இருந்தேன். உங்களைப் பத்தி அவருக்கு மனசுல இவ்ளோ இருக்குன்னு எனக்குத் தெரியாது லா. நான் போன்ல அப்படிச் சொல்லியிருக்கக்கூடாது."

அப்போது சொல்லியிருக்க வேண்டும். அது உங்கப்பா எனக்குச் சொன்னதில்லை, இயேசு சொன்னது, அவர் பத்து வயதில் பிஸ்கட்டுக்காகப் படித்தது என்று ஒரு வரி போதும். அவளுக்கு வேதத்தை எடுத்துச் சொல்ல இரண்டு வருடமாகச் சமயம் தேடுகிறவள் நான். சமயம் தட்டில் வைத்துக் கொடுத்ததுபோல வந்தது.

நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். புரிந்து சொன்னாரா, பசி என்ற ஒரு சொல் கேட்டு ஓடி வந்ததா? இத்தனை அதிகாரம் தெரிந்தவருக்கு வேறொன்று வராமல் ஏன் அது வந்தது? "நீங்க எனக்குத்தான் சொன்னீங்களா?" என்று கேட்டேன்.

"தா போலே" என்றார். ரொட்டிக்கு வாயைத் திறந்தார்.

நான் மகளிடம் ஒன்றும் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. அவள் இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்கு வருகிறாள். சபைக்கு இல்லை, அவரைக் குளிப்பாட்ட. நான் ஆராதனைக்குப் போய்வர இரண்டு மணி நேரம் கிடைக்கிறது. போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்து, பிரசங்கத்தில் பாதி தூங்கிவிடுகிறேன்.

இதை நம் ஊர்ச் சபைப் பத்திரிகைக்கு எழுதி அனுப்ப நான் பயப்படாததற்குக் காரணம் இருக்கிறது. இங்கே பிழைக்க அதுதான் உதவும் என்று ஷெரினை நாங்கள் சீனப் பள்ளியில் போட்டோம். என் மகளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது.